கொடுத்தது, திரும்பியது

நான் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக இருந்தவன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது எங்கள் தோட்டம். இன்று போனால் பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. 1971-இல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தோட்டம் கைமாறும்வரை எனக்கு ஒரே வேலைதான். பொருளை எடுத்துக் கொடுக்க வேண்டும், பேரேட்டில் எழுத வேண்டும். பால்வெட்டுக் கத்தி, தீட்டுகல், மங்கு, வாளி, மண்வெட்டி, பாராங், களைக்கொல்லி மருந்து. தேதி, ஆள் பெயர், பொருள், அதற்கடுத்து இரண்டு பத்திகள். முதல் பத்தி கொடுத்தது. இரண்டாவது திரும்பியது.

விடியற்காலை பெரட்டு முடிந்ததும் ஸ்டோர் ஜன்னலில் ஆட்கள் வரிசை நிற்பார்கள். பெரட்டு என்பது துரைமார்களின் 'பரேடு' எங்கள் வாயில் திரிந்த சொல். பால்மரம் வெட்டப் போகிறவர்களைப் பட்டாளத்துக்காரர்களைப் போல நிறுத்தி எண்ணியிருக்கிறார்கள். எத்தனையோ ஆயிரம் முறை அந்தச் சொல்லைச் சொன்ன எனக்கே அறுபது வயதுக்கு மேல்தான் இது உறைத்தது.

பால்வெட்டுக் கத்தி பார்வைக்குச் சாதுவானது. நுனி மடங்கியிருக்கும், அந்த மடிப்பின் உள்மூலையில்தான் கூர். பட்டையைக் காகிதக் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் 'காயம்' என்று மேற்பார்க்கும் தண்டல் சத்தம் போடுவார். ஒவ்வொரு கத்தியின் பிடியிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நானே எண் சுட்டு வைப்பேன்.

1979 தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தி, கள்ளுக்கடையில் தொடங்கிய வாய்ச்சண்டை தொழிலாளர் லயத்து வாசலில் வந்து முடிந்தது. ஒருவன் கத்தி அவனுடைய மச்சானின் கழுத்தில் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவன் போய்விட்டான். வெட்டியவனுக்கு வயது இருபத்தாறு. கத்தி எண் 47.

கோர்ட்டில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்துக் காட்டி, இது உங்கள் ஸ்டோர் கத்தியா என்றார்கள். ஆமாம் என்றேன். இந்தக் கையெழுத்து உங்களுடையதா? ஆமாம். சரி, நீங்கள் போகலாம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. கொலைக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் கத்தி மழுங்கிவிட்டது என்று அவன் வந்து நின்றான். புதுக் கல் ஒன்றை எடுத்துக் கொடுத்ததோடு, எந்தச் சாய்வில் பிடித்துத் தீட்டினால் கூர் நிற்கும் என்று ஜன்னலிலேயே நான் தீட்டிக் காட்டினேன். அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இத்தனை வருடம் கழித்து இதை எழுத வைத்தது பக்கத்து வீட்டுப் பையன். நான் இப்போது ஈப்போவில் புந்தோங்கில் இருக்கிறேன். ஆயுத பூசையன்று பழைய கத்தி ஒன்றைத் துடைத்து, விபூதி பூசி, எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக்கில் படிக்கிற பையன் அவன், கைப்பேசியில் உக்ரேன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்: "அங்கள், கத்தியக் கும்பிடுறோம், சரி. வெட்டுனவனுக்குப் பாவம்னா, கத்தியக் கொடுத்தவனுக்கு சாமி என்ன கணக்கு எழுதும்?" பிரிட்டன் 2022 முதல் உக்ரேன் வீரர்களைத் தன் மண்ணுக்கே வரவழைத்துப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறது, அதைப் பற்றிய படம் எதையோ பார்த்திருக்கிறான். எண் 47 பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அவனுக்கு அன்று நான் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. கொழுக்கட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பேராக்கில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வி எங்கோ ஐரோப்பாவில் நடக்கிற விஷயமாகத் தோன்றக் கூடாது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் இறங்கியதும், அதுவரை தடைசெய்து வைத்திருந்த கம்யூனிஸ்டுக் கட்சியோடு வெள்ளைக்காரன் கை கோத்தான். சிங்கப்பூரில் 101-ஆம் சிறப்புப் பயிற்சிப் பள்ளி என்ற பெயரில், வெடி வைக்கவும் பதுங்கித் தாக்கவும் 165 பேருக்கு அவசர அவசரமாகச் சொல்லிக் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பினார்கள். 1943 மே மாதம் ஒரு டச்சு நீர்மூழ்கிக் கப்பல் பேராக் கடற்கரையை ஒட்டி வந்தது. அதிலிருந்து கரையேறியவர் ஜான் டேவிஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. ஃபோர்ஸ் 136 என்பது அவர்கள் அமைப்பின் பெயர். அந்த ஆண்டு முடியும்போது பீடோருக்கு மேலே மலைக்காட்டு முகாமில் உடன்படிக்கை ஆயிற்று. பிரிட்டன் ஆயுதம், பணம், மருந்து, பயிற்சி தரும். கம்யூனிஸ்டுகளின் ஜப்பானிய எதிர்ப்புப் படை, மலாய்க்காரர்கள் 'பிந்தாங் தீகா' என்று சொன்ன அந்த மூன்று நட்சத்திரப் படை, நேச நாடுகளின் தலைமைக்குக் கட்டுப்படும்.

இதற்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. உடன்படிக்கையில் பங்கெடுத்த லிம் போ செங் பிடிபட்டு, 1944 ஜூனில் பத்து காஜா சிறையில் இறந்தார். பாப்பான் சிற்றூரில் டாக்டர் கார்த்திகேசுவின் மனைவி சிபில், காட்டிலிருந்து இரவில் வந்த காயக்காரர்களுக்கு மருந்து போட்டார். ஜப்பானிய ராணுவப் போலீஸ் அந்த அம்மையாரைச் செய்த சித்திரவதை இந்த ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் இருக்கிறது.

ஆயுதம் வந்து சேரத்தான் நாள் பிடித்தது. கம்பியில்லாத் தந்தித் தொடர்பு ஒரு வருடத்துக்கு மேல் கிடைக்கவில்லை. 1945-இல்தான் இலங்கையிலிருந்து கிளம்பிய லிபரேட்டர் விமானங்கள் காட்டின்மேல் பாராசூட்டில் பெட்டி பெட்டியாக இறக்கின. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்துவிட்டது. போருக்கென்று அனுப்பிய துப்பாக்கி, போர் முடியும் நேரத்துக்குச் சரியாகக் கைக்கு வந்தது.

டிசம்பர் 1945-இல் படையைக் கலைத்தார்கள். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு ஆளுக்கு 350 வெள்ளி. அடுத்த மாதம் சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் பிரபு பதக்கம் குத்தினார். வாங்கியவர்களில் ஒருவர் நம் சித்தியவான் ஊர்க்காரரான சின் பெங். ஸ்டோர் கிராணியாக எனக்கு இந்த இடம்தான் சுவாரசியம். வெள்ளைக்காரன் பேரேட்டில் 'திரும்பியது' பத்தி நன்றாகவே நிரம்பியது. கொடுத்த எண்ணிக்கையைவிடக் கூடுதலாகவே வந்தது என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் விமானத்திலிருந்து விழுந்ததை மட்டும் வைத்துக்கொண்டிருந்த படை இல்லையே அது. 1942-இல் தோற்று ஓடியவர்கள் போட்டுவிட்டுப் போனதும் இருந்தது, பெட்டி வந்ததே கணக்கில் ஏறாததும் இருந்தது. அவை எண்ணெய் தடவிப் பத்திரமாக மண்ணுக்குள் போயின. தீட்டக் கற்றுக் கொடுத்ததைத் திருப்பி வாங்க ஏது பத்தி?

1948 ஜூன் 16. எல்பில் தோட்டத்தில் காலை நேரம், ஆபீசிலேயே வாக்கர் துரையைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். கொஞ்ச நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் அலிசனும் கிறிஸ்டியனும். மூன்றும் சுங்கை சிப்புட் வட்டாரம். அதற்கு நான்கு நாள் முந்தி, ஜூன் 12-ஆம் தேதி, சிபில் அம்மையார் சிகிச்சைக்குப் போயிருந்த பிரிட்டனில் காலமாகியிருந்தார். தான் மருந்து போட்டு அனுப்பிய கைகள் அடுத்து என்ன செய்தன என்று பார்க்க அவர் இல்லை. நல்லதுதான் என்று தோன்றும். பிறகு, அப்படி நினைப்பதே பிசகு என்றும் தோன்றும்.

இந்தக் கொலைகளை அடுத்து வந்த அவசரகாலம் பன்னிரண்டு வருடம் நடந்தது. காட்டிலும் நாட்டிலும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாவு. பத்து காஜாவில் 'கடவுளின் சின்னஞ்சிறு ஏக்கர்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. துரைமார்களும் போலீஸ்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும் அங்கே வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் மலர்வளையம் வைப்பார்கள்.

அந்தக் காலத்தில் அப்பா எஸ்.சி., அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிள். அரசாங்கம் கொடுத்த ரைஃபிளோடு தோட்டத்து வாசலில் நிற்பார். அப்பாவின் தங்கை, என் அத்தை, பால்வெட்டுக்காரி. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்று சட்டம். காலையில் வெளிக்காட்டுக்குப் போகிறவர்கள் பொட்டலம் எடுத்துப் போக முடியாது. வாசலில் பெண் போலீஸ் மடியைத் தடவிப் பார்ப்பார்கள். கடையில் பால் டின் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கையில் தருவார்கள், சேர்த்து வைக்க முடியாதபடி. அத்தை ஒருநாள் பசி தாங்க மாட்டாமல் இரண்டு பிடி சோற்றை வாழை இலையில் கட்டி, வாளிக்குள் துணியின் அடியில் வைத்துக்கொண்டு போனாள். பிடித்துவிட்டார்கள். யாருக்குக் கொண்டு போகிறாய் என்றார்கள். எனக்குத்தான் என்றாள். ஐந்து நாள் லாக்கப்பில் இருந்தாள். அன்று வாசலில் துப்பாக்கியோடு நின்றது அப்பா. அத்தை சாகும்வரை அவர்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டதில்லை.

பாரதப் போரில் இரண்டு பக்கத்துப் படைக்கும் சோறு போட்டான் என்று உதியன் சேரலாதனைப் புறநானூற்றில் முரஞ்சியூர் முடிநாகராயர் பாடியிருக்கிறார். பெருஞ்சோறு என்ற பட்டமே அவன் பெயரோடு ஒட்டிவிட்டது. என் அத்தைக்கு ஒட்டியது வேறு பட்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். கையில் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு குண்டும் இருந்தன என்பது குற்றம். நேருவின் அரசு மன்றாடிப் பார்த்தது, நடக்கவில்லை. ஒரு துப்பாக்கி வைத்திருந்தவனுக்குக் கயிறு. விமானம் விமானமாகக் கொட்டியவர்களுக்கு என்ன? ஓய்வூதியம். கோபத்தில்தான் எழுதுகிறேன், தெரிகிறது. ஆனாலும் இதில் தத்துவக் கேள்வி ஒன்று இருக்கிறது. கொடுக்கிறவன் எவ்வளவு பெரிய கையோ அவ்வளவுக்கு அவன் குற்றத்திலிருந்து தூரம் போகிறான். இது எந்த தர்மத்தில் எழுதியிருக்கிறது?

நம் பாரதத்திலேயே கண்ணன் படையுதவி செய்தவன்தான். சேனை வேண்டுமா, ஆயுதம் தொடாத நான் வேண்டுமா என்றான். துரியோதனன் சேனையை வாங்கிக்கொண்டு போனான். கோயிலில் இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் துரியோதனனின் மடத்தனத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சேனையில் இருந்த ஆட்களைப் பற்றி யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. தங்கள் தலைவன் தேரோட்டுகிற பக்கத்தை எதிர்த்து, அவன் அனுப்பிவைத்தே, நின்று செத்தவர்கள் அவர்கள். பலராமன் கதை இன்னும் கஷ்டம். பீமனுக்கும் துரியோதனனுக்கும் கதாயுதம் பழக்கியவன் அவன். போர் என்றதும் எந்தப் பக்கமும் வேண்டாம் என்று தீர்த்த யாத்திரை கிளம்பிவிட்டான். பதினெட்டாம் நாள் திரும்பி வந்தபோது, தன் இரண்டு மாணவர்களும் தான் சொல்லிக் கொடுத்ததை வைத்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். தொடையில் விழுந்த அடியைப் பார்த்துக் கலப்பையைத் தூக்கிக்கொண்டு கோபப்பட்டான். விதியை மீறிவிட்டான் பீமன் என்று கோபம். தீர்த்தங்களில் முழுக்குப் போட்டால் பாடம் சொல்லிக் கொடுத்தது கழுவிப் போகும் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

கீதையை இழுத்துச் சமாதானம் சொல்கிறவர்களும் உண்டு. கடமையைச் செய், பலனைப் பார்க்காதே என்கிறார்கள். அது எதிரே பாட்டனும் வாத்தியாரும் நிற்க, தானும் சாகலாம் என்ற இடத்தில் நின்றவனுக்குச் சொன்னது. ஆயிரம் மைல் தள்ளிக் குளிரூட்டிய அறையில் கையெழுத்துப் போடுகிற மந்திரி அதைக் கடன் வாங்கக் கூடாது.

இதில் நேராகப் பேசியவர்கள் சமணர்கள். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்று மூன்றையும் ஒரே தராசில் வைத்தார்கள். இல்லறத்தாருக்குச் சமந்தபத்திரர் எழுதிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், காரணமில்லாமல் செய்யும் தீங்குகள் என்று ஒரு வகை வருகிறது. அதில் ஒன்று இம்சைக்கான தானம். பிறரைக் கொல்ல உதவுகிற கருவிகளைக் கொடுப்பதே குற்றம். அதன் பட்டியலைப் பார்த்தால் எனக்கு வியர்க்கிறது. கோடரி, வாள், மண்வெட்டி, நெருப்பு, ஆயுதம், நஞ்சு, சங்கிலி. என் ஸ்டோர் அலமாரியைப் பார்த்து எழுதியது போலவே இருக்கிறது. அந்தக் கணக்குப்படி நான் இருபது வருடத்துக்கு மேல் தினமும் காலை ஆறு மணிக்குப் பாவம் செய்தவன்.

அதை அப்படியே ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. கத்தி கொடுக்காவிட்டால் முந்நூறு குடும்பம் எதைத் தின்னும்? இன்னொன்று, என் தாத்தா. 1943-இல் சயாம் ரயில் பாதை போடுவதற்கென்று ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்றார்களாம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கில் போன தமிழர்களில் ஒருவர்; எந்த மூங்கில் காட்டில் போட்டார்கள் என்றுகூடத் தெரியாது. பாட்டி தாலியைக் கழற்றாமலேயே செத்தாள். அந்த ஜப்பானியர்களை எதிர்த்தவனுக்கு ஆகாயத்திலிருந்து ஒரு துப்பாக்கி விழுந்தது என்றால், விழுந்திருக்கக் கூடாது என்று சொல்ல என் நாக்கு எழாது. எங்கள் லயத்திலிருந்தே இன்னொருவர் நேதாஜியின் படைக்குப் போனார். அந்தப் படைக்கு ஜப்பான் எடுத்துக் கொடுத்தது சிங்கப்பூரில் பிரிட்டனிடமிருந்து பிடித்த துப்பாக்கிகள். பிரிட்டன் துப்பாக்கி ஜப்பான் கை வழியாகத் தமிழன் தோளில் ஏறி, இம்பாலில் பிரிட்டனையே பார்த்துச் சுட்டது. ஒரே லயம், ஒரே வருடம், எதிரெதிர் வீடு.

துப்பாக்கிக்கு வயது மனிதனைவிட அதிகம் என்பதை அரசாங்கங்கள் மறந்துவிடுகின்றன. நம் அரசாங்கமும்தான். 1960 ஜூலையில் அவசரகாலம் முடிந்தது. பிரதமர் துங்குவின் அரசு, கம்யூனிஸ்டுகளோடு போரில் இருந்த தென்வியட்நாமுக்கு, இங்கே மிஞ்சிய ஆயுதங்களையும் தளவாடங்களையும் அனுப்பியது. அந்த நாட்டுப் போலீஸ், ராணுவ அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் வந்து, நம் காடுகளில் கற்ற பாடத்தைக் கற்றுக்கொண்டு போனார்கள். வேலிபோட்ட புதுக் கிராமம், அரிசிக் கட்டுப்பாடு, மடியைத் தடவிப் பார்ப்பது, எல்லாம் அந்தப் பாடத்தில் சேர்ந்தவை. எங்கள் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினரான சம்பந்தன் அன்றைய அமைச்சரவையில் இருந்தவர். தோட்டத் தொழிலாளிக்கு நிலம் வாங்கித் தந்தார், காந்தி பெயரில் பள்ளிக்கூடம் வைத்தார். அவரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சைகோனுக்குக் கப்பல் போனதைப் பற்றி எங்கள் ஊரில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அரசாங்கம் கொடுக்கும்போது உடன்படுவது இவ்வளவு சுலபம். சும்மா இருந்தால் போதும்.

ஈழ விஷயத்தில் நாம் சும்மா இருக்கவில்லை. புந்தோங்கில் உண்டியல் குலுக்காத கடை கிடையாது. 1983-க்குப் பிறகு இந்தியா போராளிக் குழுக்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தபோது நான் உட்பட எல்லோரும் கை தட்டினோம். 1987 அக்டோபரில் கற்றுக் கொடுத்த படையும் கற்றுக்கொண்ட படையும் யாழ்ப்பாணத்தில் ஒன்றையொன்று சுட்டன. 1990 மார்ச்சில் இந்திய ராணுவம் திரும்பும்போது அதன் பக்கத்தில் 1,100 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். நடுவில் அகப்பட்ட யாழ்ப்பாணத்து ஜனங்களை யார் எண்ணினார்கள்? 2009-இல் முள்ளிவாய்க்காலில் போரை முடித்த இலங்கை அரசாங்கத்துக்கு ஆயுதம் கொடுத்த நாடுகளின் பெயரை எழுதினால் வரிசை நீளும். நான் கை தட்டியதும் என் பேரில் இருக்கிறது.

பையனுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இதுதான். கொடுக்காதே என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை; தாத்தாவை ஏற்றிக்கொண்டு போன லாரி மாதிரி வரும்போது கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால், கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்கிறானே, அவன் பொய் சொல்கிறான். அன்னதானம் இலையோடு முடியும். ஆயுதம் கொடுத்தவனுக்கு அப்படி முடிவு கிடையாது; அது கடைசியாகச் சுடும்வரை அவன் பெயரில்தான் நிற்கும், சொல்லிக் கொடுத்தது அதற்கப்புறமும் நிற்கும். யாருக்கு என்ன கொடுத்தோம், அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று தன் மக்களுக்கு வருடா வருடம் கணக்குச் சொல்லாத அரசாங்கம் ஆயுதம் கொடுக்கக் கூடாது. கேட்காத மக்களுக்குச் சமணர்களின் அந்த மூன்றாவது வார்த்தை இருக்கிறது, உடன்படுதல்.

எண் 47 வழக்கு முடிந்தும் ஸ்டோருக்கு வரவில்லை. தோட்டம் கைமாறியபோது பேரேட்டைச் சரிபார்க்க வந்தவர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.